மாடத்தில் ஒரு மின்நிலையம்

மின்நிலையம் என்றதும் நம் மனக்கண் முன் நிற்பவை நெய்வேலியின் புகைபோக்கிகளும், மேட்டூர் அணையின் மதகுகளும், கல்பாக்கத்தின் காவல் வேலியும்தான். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், கோடிக்கணக்கான ரூபாய், ஊரை விட்டு ஒதுங்கிய பரந்த நிலம் ஆகிய அனைத்தும் கூடினால்தான் மின்நிலையம் என்பது நாம் வளர்த்துக்கொண்ட எண்ணம். இந்த எண்ணத்தைக் கேலி செய்வது போல் ஜெர்மானிய மொழியில் ஒரு சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. ‘பால்கோன்கிராஃப்ட்வெர்க்’ என்பது அச்சொல். பால்கனி மின்நிலையம் என்று பொருள். சட்டத்தில் அதற்குச் ‘செருகு சூரியக் கருவி’ என்ற பொருளில் வேறொரு பெயர் உண்டு. மக்கள் நாவில் நிற்பது என்னவோ முதற் பெயரே.

அந்த மின்நிலையம் எப்படி இருக்கும்? அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கிராதியில் கட்டித் தொங்கவிட்ட ஒன்று அல்லது இரண்டு சூரிய மின்பலகைகள். அவற்றின் முதுகில், ஒரு தடித்த பாடப்புத்தகத்தின் அளவே உள்ள சிறிய இன்வெர்ட்டர். அதிலிருந்து புறப்பட்டு, வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண பிளக் துளையில் சென்று முடியும் ஓர் ஒயர். அவ்வளவே! நாம் பிளக்கைச் செருகுவது மின்சாரத்தை எடுப்பதற்காக. அவர்கள் செருகுவது மின்சாரத்தைக் கொடுப்பதற்காக. 2025 ஜூன் மாதத்தில் ஜெர்மனியின் அரசுப் பதிவேட்டில் இத்தகைய கருவிகளின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இக்கருவி என்னை ஈர்த்ததற்குக் காரணம் அதன் புதுமை அன்று. அதிலுள்ள ஒவ்வொரு உறுப்பும் நம் பாடத்திட்டத்தில் இருப்பதே. வகுப்பறையில் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் வாய்பாடுகளை, அங்கே வாடகை வீட்டுக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் பல ஆண்டுகள் வாதாடித் தீர்க்க வேண்டியிருந்தது என்பதே என் வியப்பு. அந்த வாதத்தை இயற்பியலின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1839-இல் பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரெல் தமது பத்தொன்பதாம் வயதிலேயே கண்டார். (நம்மில் பலர் பத்தொன்பதாம் வயதில் என்ன கண்டோம் என்று கேட்டுவிடாதீர்கள்.) பயன்தரத்தக்க சிலிக்கன் மின்கலம் உருவானது 1954-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் செய்த அந்தக் கலம், தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் சுமார் 6 விழுக்காட்டையே மின்னாற்றலாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பலகை ஏறத்தாழ 22 விழுக்காட்டைத் தருகிறது. இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றே குறைவான பரப்பு, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், 22 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் ஒரு பலகைக்கு 430 வாட் அளவில் வரும். இரண்டு பலகைகள் 860 வாட். இது சோதனைக்கூடக் கணக்கு. நடைமுறைக் கணக்கு வேறு. அதற்குப் பின்னர் வருவோம்.

இனி இன்வெர்ட்டர். இச்சொல் நமக்குப் பழக்கமானதுதான். மின்வெட்டு நேரத்தில் விசிறியையும் விளக்கையும் ஓட்டுவதற்காக, பெரிய பாட்டரியோடு நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதை இங்கே நினைக்கலாகாது. வேலையில் இரண்டும் நேர் எதிரானவை. நம் வீட்டு இன்வெர்ட்டர் ஊர் மின்சாரம் போன பிறகு விழித்துக்கொள்கிறது. பால்கனி இன்வெர்ட்டரோ ஊர் மின்சாரம் இருந்தால் மட்டுமே விழித்திருக்கும்.

ஏன் அப்படி? பலகை தருவது நேர்திசை மின்னோட்டம். 30, 40 வோல்ட் அளவில் இருக்கும். வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றினால் மட்டும் போதாது. ஊர்க் கம்பியில் ஓடும் அலை எந்தக் கணத்தில் மேலேறுகிறதோ அதே கணத்தில் இதுவும் மேலேற வேண்டும். அது இறங்கும்போது இறங்க வேண்டும். பலர் சேர்ந்து தேர் இழுக்கும்போது புதிதாக வந்து வடம் பிடிப்பவர் என்ன செய்கிறார்? மற்றவர்கள் இழுக்கும் தாளத்தைக் கவனித்து, அதோடு சேர்ந்து இழுக்கிறார். தன் இஷ்டத்துக்கு இழுத்தால் அவர் கைதான் போகும். பால்கனி இன்வெர்ட்டரும் முதலில் சிறிது நேரம் ஊர்க் கம்பியின் அதிர்வெண்ணையும் கட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன என்று உறுதியான பின்னரே தன் பங்கைச் செலுத்தத் தொடங்குகிறது. தேர் நின்றுவிட்டால், அதாவது ஊர் மின்சாரம் போய்விட்டால், இதுவும் உடனே வடத்தை விட்டுவிடும். நல்ல வெயிலில் மின்வெட்டு ஏற்பட்டாலும், பால்கனியில் பலகை வைத்திருப்பவர் வீட்டில் விளக்கு எரியாது. வாங்கிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறதாம்.

செருகிய மின்சாரம் எங்கே போகிறது? அந்த நேரத்தில் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பொருள்களுக்கே முதலில் போகிறது. குளிர்பதனப் பெட்டி 100 வாட் கேட்கிறது; பலகை 300 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டிக்கு வேண்டியது முழுவதும் பலகையிலிருந்து கிடைத்துவிடும். எஞ்சிய 200 வாட் மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்குப் போய், அண்டை வீட்டுக்காரரின் அடுப்பில் எரியும். யாரும் எந்தச் சுவிட்சையும் மாற்றத் தேவையில்லை.

இவ்வளவு எளிய கருவிக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? இரண்டு அச்சங்கள் சொல்லப்பட்டன. ஒன்று பிளக் முனையைப் பற்றியது. மற்றொன்று சுவருக்குள் புதைந்த கம்பியைப் பற்றியது.

முதல் அச்சத்தைப் பார்ப்போம். மின்சாரம் எடுக்கும் கருவியின் பிளக்கைப் பிடுங்கினால் அதன் உலோக முனைகளில் ஆபத்தில்லை. ஆபத்து சுவரிலுள்ள துளையில் இருக்கிறது. அதனால்தான் துளையை மறைத்தும் முனையைத் திறந்தும் செய்திருக்கிறார்கள். மின்சாரம் கொடுக்கும் கருவியில் இது தலைகீழாகிறது. வெயிலில் நிற்கும் பலகையின் பிளக்கை ஒரு குழந்தை பிடுங்கி அதன் முனைகளைத் தொட்டால் என்ன ஆகும்? நியாயமான கேள்வி. விடை மேலே சொன்ன வடம் பிடிக்கும் உவமையிலேயே இருக்கிறது. பிளக் பிடுங்கப்பட்ட மறுகணம் இன்வெர்ட்டருக்கு ஊர் அலை தெரியாமல் போகிறது. அது 0.2 வினாடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பது அந்நாட்டின் தொழில்நுட்ப விதி. விதி இருந்தால் மட்டும் போதுமா? 2023-இல் சந்தையில் இருந்த சில இன்வெர்ட்டர்களைத் திறந்து பார்த்தபோது, தொடர்பைத் துண்டிக்க வேண்டிய ரிலே உள்ளே இல்லவே இல்லை என்று தெரிந்தது! அவற்றுக்கு வெளியிலிருந்து ஒரு ரிலேப் பெட்டியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மின்னணுச் சுற்று நிறுத்தினாலும், அதற்கு மேல் உலோகத் தொடர்பும் விலக வேண்டும் என்ற கண்டிப்பு அங்கே இருந்ததால்தான் இக்குறை பிடிபட்டது. முதல் அச்சம் வீண் அச்சம் அன்று. விடை காணப்பட்ட அச்சம் என்பேன்.

இரண்டாம் அச்சமே என் நோக்கில் ஆழமானது. நம் ஆய்வுக்கூடத்தில் ஜூல் விதியைச் சரிபார்க்கிறோம் அல்லவா? மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கம்பியில் வெப்பம் எழும் என்கிறது அவ்விதி. அதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

ஜெர்மானிய வீடுகளில் பிளக் துளைகளுக்குச் செல்லும் செப்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு பெரும்பாலும் 1.5 சதுர மில்லிமீட்டர். அதைக் காப்பதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று மீட்டர்ப் பெட்டியில் இருக்கும். கம்பியில் 16 ஆம்பியருக்கு மேல் நீண்ட நேரம் ஓடினால் அது விழுந்துவிடும். இதில் மறைந்துள்ள ஓர் எடுகோளைக் கவனியுங்கள். கம்பிக்குள் நுழையும் மின்னோட்டம் அனைத்தும் அந்த எம்.சி.பி. வழியாகவே நுழைகிறது என்பதே அது. வாயிற்காவலர் ஒருவர் இருக்கிறார், வருபவர்களை எண்ணுகிறார். பின்வாசல் ஒன்று திறந்துவிட்டால் அவர் எண்ணிக்கை என்ன ஆகும்?

பால்கனிப் பலகையே அந்தப் பின்வாசல். 800 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 3.5 ஆம்பியர். அதே கம்பியில் ஒருவர் துணி துவைக்கும் எந்திரத்தையும் வெந்நீர்க் கெட்டிலையும் சேர்த்து ஓட்டி 19.5 ஆம்பியர் எடுக்கிறார் என்போம். எம்.சி.பி.க்குத் தெரிவது 16 ஆம்பியர்தான், மீதி 3.5 பலகையிலிருந்து வருகிறது. எம்.சி.பி. விழாது. கம்பியின் ஒரு பகுதியிலோ 19.5 ஆம்பியர் ஓடுகிறது. 19.5-ஐ 16-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.485 வரும். அதாவது வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போதே சிறிது மிகுதி வைத்திருப்பார்கள். நல்ல நிலையிலுள்ள கம்பி இதைத் தாங்கிக்கொள்ளும். ஒருவர் ஆசைப்பட்டு அதே சுற்றில் இரண்டு கருவிகளைச் செருகுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 ஆம்பியர் சேர்ந்து 23 ஆகும். வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல்! சுவருக்குள் இருப்பதால் அந்தச் சூடு கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. ஒரு வீட்டுக்கு 800 வாட் என்று எல்லை கட்டியிருப்பதை வெறும் அதிகாரப் பிடிவாதம் என்று சிலர் பேசுவதுண்டு. 800 என்ற எண் 2016-ஆம் ஆண்டின் ஐரோப்பிய மின்கட்டமைப்பு விதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் ஓர் எல்லை ஏன் வேண்டும் என்பதற்கு விடை அந்த விதிப் புத்தகத்தில் இல்லை. சுவருக்குள் இருக்கும் கம்பியில் இருக்கிறது. பல துளைகள் கொண்ட நீட்டிப்புப் பெட்டியில் இதைச் செருகாதீர்கள் என்று எச்சரிப்பதும் அதனால்தான்.

மீட்டரைப் பற்றியும் ஒரு சொல். அலுமினியத் தட்டு சுழலும் பழைய மீட்டரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஜெர்மனியில் அதற்கு ‘ஃபெராரிஸ் மீட்டர்’ என்று பெயர். கார் நிறுவனத்தோடு அதற்கு உறவில்லை. கலீலியோ ஃபெராரிஸ் என்னும் இத்தாலிய இயற்பியலாரின் பெயர் அது. இரு சுருள்களின் காந்தப்புலம் தட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவற்றால் தட்டு சுழல்கிறது. திறன் பாயும் திசை மாறினால் திருப்புவிசையின் திசையும் மாறும். தட்டு பின்னோக்கிச் சுழலும். நண்பகலில் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் பலகை வேலை செய்தால், மாலையில் மீட்டர் எண் குறைந்திருக்கும். கேட்க இனிமையாக இருக்கிறது. முன்பு இதற்கு அனுமதி இல்லை. மீட்டரை மாற்றிய பிறகே செருக வேண்டும் என்பது விதியாக இருந்தது. மீட்டர் மாற்றும் ஊழியர் வரும் நாளுக்காகப் பலகையை மூடிவைத்துக் காத்திருந்தவர்கள் பலர். 2024 மே 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பு, புதிய மீட்டர் வரும்வரை பழையது பின்னோக்கிச் சுழன்றாலும் பாதகமில்லை என்று ஏற்றுக்கொண்டது. இன்வெர்ட்டரின் எல்லை 600-லிருந்து 800 வாட்டாக உயர்ந்ததும் அதே சட்டத்தால்தான். மின்வாரியத்துக்குத் தனியே விண்ணப்பிக்கும் வேலையும் ஒழிந்தது. அரசுப் பதிவேட்டில் சில விவரங்களைப் பதிந்தால் போதும்.

ஆயினும், கம்பியும் மீட்டரும் சம்மதித்த பின்னரும் ஒருவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டு உரிமையாளர்.

என் பெரியப்பா மகன் நியூரம்பர்க் நகரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார். 2022-இல் உக்ரைன் போரினால் உருசிய எரிவாயு வரத்து குறைந்து, அங்கே மின்கட்டணம் உயர்ந்தபோது, அண்ணனுக்கும் பால்கனிப் பலகை வாங்கும் எண்ணம் பிறந்தது. உரிமையாளரிடம் எழுதிக் கேட்டார். “கட்டடத்தின் தோற்றம் கெட்டுவிடும்” என்று ஒரே வரியில் மறுப்பு வந்தது. அண்ணன் எனக்கு எழுதினார்: “தம்பி, என் பால்கனியில் நான் போர்வை உலர்த்தலாம், பூந்தொட்டி வைக்கலாம், வெயிலை மட்டும் பிடிக்கக் கூடாதாம்.”

அவர் ஒருவர் கதை அன்று இது. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் வாடகை வீடுகளில் வாழ்பவர்கள். கூரை மேல் சூரியப் பலகை வைக்க அரசு பல ஆண்டுகளாக உதவி வருகிறது. கூரை உள்ளவனுக்கு உதவி; கூரை இல்லாதவன் அந்த உதவிக்கும் சேர்த்துத் தன் மின்கட்டணத்தில் பல காலம் பங்கு கொடுத்து வந்தான். 2022-இல்தான் அந்தத் தனிக் கட்டணம் மின்கட்டணத்திலிருந்து நீக்கப்பட்டது. பால்கனிப் பலகை கேட்டவர்களின் குரலில் ஒலித்தது நூறு யூரோ இலாபத்தின் ஆசை மட்டும் அன்று. எனக்கும் இதில் ஒரு கை வேண்டும் என்ற உரிமைக் குரல் அது. 2023 தொடக்கத்தில் இது தொடர்பாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

2024 அக்டோபர் 17 முதல் சட்டம் மாறியது. செருகு சூரியக் கருவி வைக்க வாடகைதாரர் அனுமதி கேட்டால், தக்க காரணமின்றி உரிமையாளர் மறுக்க இயலாது. அடுக்குமாடியில் சொந்த வீடு உடையவரையும் பிற உரிமையாளர்கள் கூடித் தீர்மானம் போட்டுத் தடுக்க இயலாது. எப்படி வைப்பது, எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவர்கள் சொல்லுக்கு இடமுண்டு. அண்ணன் மறுபடி எழுதினார். இம்முறை வந்த பதிலில் தோற்றத்தைப் பற்றிப் பேச்சில்லை. காற்றில் பலகை விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி இருந்தது.

இந்தக் கேள்வியில் உரிமையாளர் பக்கமே நியாயம் உண்டு என்பது என் கருத்து. கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 108 கிலோமீட்டர் புயல் என்றால் வினாடிக்கு 30 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 540 நியூட்டன். பலகையின் பரப்பால் பெருக்கினால் ஆயிரம் நியூட்டனுக்கு மேல். ஏறத்தாழ 100 கிலோ எடை கொண்ட ஒருவர் தொங்குவது போல. பலகையின் எடையே இருபது கிலோவுக்குக் குறையாது. மூன்றாம் மாடிக்குக் கீழே நடைபாதையில் குழந்தைகள் போகிறார்கள். பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி வைக்கும் காரியம் அன்று இது. அண்ணன் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளால் பொருத்தி, அதன் படங்களையும் காப்புறுதிப் பத்திரத்தின் நகலையும் அனுப்பிய பிறகே அனுமதிக் கடிதம் வந்தது. 2025 மார்ச் மாதம் பலகைகள் ஏறின.

அன்றிலிருந்து அவர் எனக்கு நாள்தோறும் அளவுகளை அனுப்பி வருகிறார். அவற்றில் ஒரு செய்தி முதலில் என்னைத் திகைக்க வைத்தது. ஏப்ரல் மாதத்துத் தெளிந்த நாளில் 3.1 யூனிட் கிடைத்திருக்கிறது. கோடைகாலமான ஜூன் மாதத்தில், பகல் பதினாறு மணி நேரம் நீளும் தெளிந்த நாளில், 2.4 யூனிட்தான்! வெயில் கூடினால் மின்சாரம் குறையுமா?

விடை கோணத்தில் இருக்கிறது. பால்கனியில் பலகை செங்குத்தாகத் தொங்குகிறது. நியூரம்பர்க் ஏறத்தாழ 49.5 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஜூன் 21 நண்பகலில் கதிரவன் அங்கே 64 பாகை உயரத்தில் நிற்கிறான். செங்குத்துப் பலகைக்கு அந்தக் கோணத்தின் கோசைன் மதிப்பே கிடைக்கும், அது 0.44. சம இரவு பகல் நாள்களில் உயரம் 40.5 பாகை, கோசைன் 0.76. டிசம்பர் நண்பகலில் வெறும் 17 பாகை, கோசைன் 0.96. ஆகவே கதிரவன் தாழ்ந்து வரும் காலத்தில்தான் செங்குத்துப் பலகை அவனை நேருக்கு நேர் பார்க்கிறது. ஆனால் டிசம்பரில் அங்கே கதிரவனைக் காண்பதே அரிது. மூடுபனி நாளில் 0.1 யூனிட் என்று அண்ணன் எழுதியிருந்தார். சூடும் ஒரு காரணம். சிலிக்கன் பலகையில் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் திறன் ஏறத்தாழ 0.3 விழுக்காடு குறையும். குளிர்ந்த காற்றும் தெளிந்த வானமும் சேர்ந்த ஏப்ரல் மாதமே அதற்கு விருப்பமான மாதம்.

இதைக் கண்ணால் காண விரும்பி, எங்கள் துறையிலுள்ள 10 வாட் பலகை ஒன்றைக் கல்லூரி மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்றேன். நம் ஊர் ஏறத்தாழ 11 பாகை அட்சரேகை. சித்திரை மாதக் கடைசியில் ஒரு நண்பகல். படுக்கை நிலையில் குறுக்குச் சுற்று மின்னோட்டம் 0.56 ஆம்பியர். தெற்கு நோக்கிச் செங்குத்தாக நிறுத்தியதும் 0.09 ஆம்பியர்! சித்திரை முதல் வாரம் தொட்டு ஆவணி முதல் வாரம் வரை நம் ஊரில் கதிரவன் நாள் முழுவதும் வடபாதி வானத்திலேயே செல்கிறான். தெற்குச் சுவரில் நேர்வெயில் விழுவதே இல்லை. ஜெர்மானியரின் பால்கனிக் கிராதி அவர்கள் அட்சரேகைக்கு ஏற்றது. நமக்கு வாய்த்தது மொட்டை மாடியே.

அதே பலகையில் இன்னொன்றும் செய்து பார்த்தேன். 36 கலங்களில் ஒன்றை மட்டும் அட்டையால் மூடினேன். மின்னோட்டம் முப்பத்தாறில் ஒரு பங்கு குறையும் என்று என் உடன் நின்ற நண்பன் பந்தயம் கட்டினான். முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. கலங்கள் தொடர் இணைப்பில் உள்ளன. ஒரு வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டால் முழு நீரும் தேங்குவது போல. பெரிய பலகைகளில் இதற்காக மாற்றுவழி டயோடுகள் மூன்று வைத்திருப்பார்கள். மூன்றில் ஒரு பகுதி போனாலும் மற்றவை பிழைக்கும். பால்கனியிலோ மேல்மாடியின் நிழல், பக்கத்து மரத்தின் கிளை, உலர்த்திய துணி என்று நிழலுக்குப் பஞ்சமில்லை. இந்தக் காரணத்தால்தான் பலகைக்குத் தனித்தனி உள்ளீடு கொண்ட இன்வெர்ட்டர்களை அங்கே விரும்புகிறார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். நல்ல சாய்வில் தெற்கு நோக்கி வைத்தால் ஒரு கிலோவாட் பலகை அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 950 யூனிட் தரும். செங்குத்தாகத் தொங்கினால் அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு. 860 வாட்டுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 570 யூனிட் அளவில் வரும். இதில் எவ்வளவு வீட்டில் செலவாகும்? கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் குளிர்பதனப் பெட்டி மட்டுமே உண்ணும். மீதி, விலையின்றித் தெருக் கம்பிக்குப் போய்விடும். பாதி என்று கொள்வோம். யூனிட் 35 சென்ட் வீதம் ஆண்டுக்கு நூறு யூரோ மிச்சம். அண்ணன் கருவிக்கும் கொக்கிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது 450 யூரோ. 2023 சனவரி முதல் இதற்கு விற்பனை வரி கிடையாது. நான்கரை ஆண்டுகளில் முதல் திரும்பும். பலகை இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். இப்போது அவர் வீட்டில் துணி துவைப்பது நண்பகலில்தானாம். அண்ணி இதைப் பற்றி என்னிடம் முறையிட்டதைத் தனியே எழுத வேண்டும்.

நாட்டுக் கணக்கில் இது எவ்வளவு? பத்து இலட்சம் கருவிகளும் 800 வாட் வீதம் ஒரே நேரத்தில் முழுத்திறனில் ஓடினாலும் 0.8 கிகாவாட். ஜெர்மனியின் மொத்தச் சூரிய மின் நிறுவுதிறன் 2025 தொடக்கத்திலேயே 100 கிகாவாட்டை எட்டிவிட்டது. நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. பால்கனிகளால் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்படும் என்று பேசுவோர் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை. விளையாட்டுப் பொருள் என்று தள்ளுவோர், அந்தப் பத்து இலட்சம் வீடுகளில் பலவற்றுக்கு வேறு கூரை கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள். நான் இரண்டாம் கூட்டத்தாரிடமே அதிகம் வாதாட விரும்புவேன்.

ஆஸ்திரியாவில் 800 வாட், சுவிட்சர்லாந்தில் 600 வாட் என அண்டை நாடுகளும் இடம் தந்துள்ளன. பெல்ஜியம் 2025 ஏப்ரலில் சேர்ந்தது. அமெரிக்காவில் முதலாவதாக யூட்டா மாநிலம் 2025 மார்ச்சில் சட்டம் இயற்றி 1200 வாட் வரை அனுமதித்தது. கருவிக்குச் சோதனைச் சான்று வேண்டும் என்றும் சொன்னது. இங்கே நண்பர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க வீட்டில் பிளக் துளையின் மின்னழுத்தம் 120 வோல்ட். ஆகவே 1200 வாட் என்றால் 10 ஆம்பியர். அங்கே பல சுற்றுகளின் காவலர் எண்ணுவது 15 ஆம்பியர். பின்வாசல் வழியே பத்து வந்தால் கம்பியில் 25 ஓட இடமுண்டு. இருபத்தைந்தைப் பதினைந்தால் வகுத்து இருமடியாக்குங்கள். வெப்பம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஜெர்மானியரின் ஒன்றரை மடங்கு எங்கே, இது எங்கே? அந்தச் சோதனைச் சான்றைத் தருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பலகையை அன்று. கருவிக்கென்று தனிச் சுற்று போடப்பட்டிருக்கிறதா என்பதையே.